ஆடிட்டுக்கு முந்தின நாள்

ஆடிட்டுக்கு முந்தின நாள் ஆம்பூரில் ஒரு டேனரிக்குள் போய்ப் பாருங்கள். கட்டுப் பிரிக்காத கையுறைகள் வந்து இறங்கும். காலியாகக் கிடந்த முதலுதவிப் பெட்டிக்குப் பஞ்சும் மருந்தும் வரும். மூன்று மாத வருகைப் பதிவேட்டை ஒரே பேனாவில் ஒருவர் எழுதிக்கொண்டிருப்பார். நடுவில் லேப்டாப்போடு உட்கார்ந்து எல்லாரையும் விரட்டுகிறவர்தான் கன்சல்டன்ட். எட்டு வருடம் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒருமுறை காலையில் எடுத்த கழிவுநீர் சாம்பிளில் டிடிஎஸ் 2,100 மில்லிகிராம் வரம்பைத் தாண்டிவிட்டது. "சார், ஊறவைக்கிற உப்புத் தண்ணி வராத நேரமாப் பார்த்து சாயங்காலம் இன்னொண்ணு எடுங்களேன்" என்றார் மேனேஜர். எடுத்தேன். ரிப்போர்ட்டில் இரண்டாவது எண் மட்டும் போனது. அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. எங்கள் தொழிலின் சாமர்த்தியமே அதுதான்.

"நாங்க ஆலோசனைதான் சொல்றோம், முடிவு கிளையன்டோடது" என்று சக கன்சல்டன்டுகள் சொல்வார்கள். இந்த வாதத்தை இனி என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. 2012 ஆகஸ்டில் கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலைக்கு எஸ்ஏ 8000 சான்றிதழ் கிடைத்தது. செப்டம்பர் 11 அன்று அங்கே தீப்பிடித்து 250 பேருக்கு மேல் செத்தார்கள். ஜன்னல்களில் கம்பி, கதவுகளில் பூட்டு. சான்றிதழ் வாங்கித் தருவதற்கும் ஆலோசனை என்றுதான் பெயர்.

கராச்சிவரை போவானேன்? 2015 ஜனவரி 31 விடியற்காலையில் ராணிப்பேட்டை தொழிற்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட பத்துப் பேர் செத்தார்கள்.

வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்றது. இந்தியா முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் படிக்கிற தீர்ப்பு அது. பாலாற்றங்கரை டேனரிகளைப் பற்றி அதே நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டிவந்தது. இடையில் போன 28 வருடத்தில் ரிப்போர்ட்டுக்கா பஞ்சம்? மாதா மாதம் எழுதினோம். ஸ்பைரல் பைண்டிங்கோடு எழுதினோம்.

குறை தனிமனிதர்களிடம் மட்டும் இல்லை என்பது உண்மை. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி ஆய்வறிக்கை எழுதுகிற கன்சல்டன்டை நியமித்துப் பணம் கொடுப்பது திட்டம் கொண்டுவருகிறவரே. பரீட்சை எழுதுகிறவனே வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்கிற ஏற்பாடு இது. ஏற்பாடு மாற வேண்டும்தான். ஆனால் அது மாறும்வரை காலை சாம்பிளை நான் ஒளித்துவைக்கலாம் என்று யார் சொன்னது?

"கறாரா இருந்தா கம்பெனி மூடும், ஆயிரம் குடும்பம் தெருவுக்கு வரும்" என்பார்கள். தோலை நம்பித்தான் இந்த ஊர் சாப்பிடுகிறது, எனக்கும் தெரியும். ஆனால் தோல்பொருளில் ஆறிணைத்திறக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொட்டாலே ஐரோப்பாவில் விற்க முடியாது. அங்கே மாட்டினால் மொத்த ஆர்டரும் போகும். அன்றைக்கு அந்தக் குடும்பங்களுக்கு என் மழுப்பல் ரிப்போர்ட் சோறு போடாது.

லெதர் டெக்னாலஜி முடித்துவிட்டு இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளே, நாலு விஷயம் சொல்கிறேன். ஃபீஸை ரிசல்டோடு கட்டாதீர்கள், பாஸானாலும் ஃபெயிலானாலும் ஒரே தொகை. கெமிக்கல் கம்பெனியிடம் கமிஷன் வாங்கிக்கொண்டு அதே கெமிக்கலைச் சிபாரிசு செய்யாதீர்கள். ஆடிட்டுக்குத் தயார் செய்த இடத்தை நீங்களே ஆடிட் செய்யாதீர்கள். எடுத்த சாம்பிள் எல்லாவற்றையும், எடுத்த நேரத்தோடு, ரிப்போர்ட்டில் போடுங்கள்.

கடைசி விதியை ஒப்பந்தத்திலேயே எழுத ஆரம்பித்ததும் மூன்று கிளையன்டுகள் போனார்கள். ஒருவர் மட்டும் திரும்பக் கூப்பிட்டார். "உப்புத் தண்ணிக்கு வேற வழி இருக்கா சார்?" என்று கேட்டார். எட்டு வருடத்தில் என்னிடம் யாரும் கேட்ட முதல் ஆலோசனை அது.