கோப்பை தெரிகிறது, ஆட்டக்காரர் எங்கே?

கல்லூரி ஜெர்சியுடன் ரீல்ஸ் எடுக்கும் மாணவர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை பாயும் என்று மிரட்டும் ஒரு சுற்றறிக்கை திருச்சி வாட்ஸ்அப் குழுக்களில் உலவுகிறது. எந்தக் கல்லூரி என்பது முக்கியமல்ல. எது வேண்டுமானாலும் வெளியிட்டிருக்கும்.

அந்தக் கல்லூரியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மண்டல வாலிபால் போட்டியில் வென்ற அணியின் படம். முன்வரிசை நாற்காலிகளில் செயலர், முதல்வர், துணை முதல்வர், பொன்னாடை போர்த்திய சிறப்பு விருந்தினர். கோப்பை செயலரின் மடியில். ஆடியவர்கள் பின்னால் நிற்கிறார்கள். ஓரத்தில் நிற்கும் இருவருக்குப் பாதி முகம்தான் கிடைத்திருக்கிறது. எதிரணி யார், எத்தனை செட், கடைசிப் புள்ளியை அடித்தது யார் என்று ஒரு வரியும் இல்லை. பெருமைப்படுகிறோம் என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம், அதன் கீழ் நாற்பதைத் தாண்டாத லைக்.

இந்த லட்சணத்தில், கல்லூரி ஆட்டம் பார்க்க ஆளே வருவதில்லை என்ற புலம்பல் வேறு. எங்கே, எத்தனை மணிக்கு ஆட்டம் என்று யாருக்குச் சொன்னார்கள்? முக்கொம்பில் மதகைத் திறந்தால் அரை மணியில் ஸ்ரீரங்கம் முழுக்க வீடியோ வந்துவிடுகிறது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியோ வேலைநாள் காலையில் தொடங்கி, நாக்-அவுட்டில் ஓரிரு நாளில் முடிந்து, மறுவாரம் நோட்டீஸ் போர்டில் ஏறுகிறது.

எப்படிச் செய்வது என்று தெரியாமலா? புதுக்கோட்டை, தஞ்சைப் பக்கத்து ஊர்க் கபடியைப் பாருங்கள். கமிட்டிக்காரர்கள் ஒரு கேமராவை வைத்து யூடியூபில் விடிய விடிய நேரலை விடுகிறார்கள். வர்ணனையாளர் ரெய்டு போகிறவனின் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டுத்தான் மூச்சு விடுகிறார். போனஸா இல்லையா என்று சிங்கப்பூரில் இருக்கும் உள்ளூர்க்காரர் கமெண்டில் சண்டை போடுகிறார். அங்கே ஆடும் பையன்களில் பலர் நம் கல்லூரி மாணவர்களே. சனிக்கிழமை இரவு ஊர் டீமுக்கு ஆடும்போது அவனுக்கு ரசிகர்கள் உண்டு. திங்கட்கிழமை கல்லூரிக்கு ஆடும்போது உடற்கல்வி இயக்குநரும் தண்ணீர் கேனும்தான் துணை. துவாக்குடி என்.ஐ.டி. மாணவர்கள் ஃபெஸ்டெம்பர், பிரக்யான் விழாக்களைத் தாங்களே நடத்தி, தாங்களே விளம்பரமும் செய்கிறார்கள். அந்தத் திறமை விளையாட்டு அணிப் பக்கம் மட்டும் வரக் கூடாதாம்.

இனி நெப்ராஸ்கா. இந்தப் பேச்சை எடுத்தாலே நண்பர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். இருந்தாலும் சொல்லாமல் விட முடியவில்லை. 2023 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்காவின் லிங்கன் நகரில், அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் நடுவே வாலிபால் தளம் போட்டு, நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பெண்கள் அணி ஒமாஹா அணியுடன் ஆடியது. பார்க்க வந்தவர்கள் 92,003 பேர். அதற்கு முந்தைய ஆண்டு பார்சிலோனாவின் கேம்ப் நோவில் பெண்கள் கால்பந்துக்கு வந்த 91,648-ஐயும் தாண்டிய கூட்டம். இத்தனைக்கும் லிங்கனின் மக்கள்தொகை அப்போது மூன்று லட்சத்தைத் தொடவில்லை. திருச்சி மாநகரில் 2011 கணக்கெடுப்பிலேயே எட்டு லட்சத்துக்கு மேல். அந்த விகிதத்தில் பார்த்தால் நம் கல்லூரிப் பெண்கள் ஆடும் வாலிபாலுக்கு இரண்டரை லட்சம் பேர் வர வேண்டும். இங்கே அப்படி ஒரு கூட்டத்தை ஸ்ரீரங்கத்துச் சொர்க்கவாசல் மட்டுமே பார்த்திருக்கிறது.

அது பணக்கார நாடு என்பார்கள். ஒரு கைப்பேசிக்கும் டேட்டா கார்டுக்கும் என்ன பணம் வேண்டிக்கிடக்கிறது? படிப்பு கெட்டுவிடும் என்பவர்களுக்குப் பதில் சொல்வதே வீண். பெண் வீராங்கனைகளின் படத்தைப் போட்டால் கண்டவனும் கமெண்ட் எழுதுவான் என்பது இன்னொரு சாக்கு. கமெண்டை மூடிவைக்க ஒரு பொத்தான் இருக்கிறது. எழுதுகிறவன் மீது புகார் கொடுக்கத் துப்பில்லாத நிர்வாகம், ஆடுகிற பெண்ணின் பெயரை மறைக்கிறது. இதற்குப் பெயர் பாதுகாப்பாம்!

ஆரோக்கிய ராஜீவ், சுபா வெங்கடேசன், தனலட்சுமி சேகர் என்று இந்த மாவட்டத்து ஓட்டக்காரர்கள் மூவர் 2021 தோக்கியோ ஒலிம்பிக் அணியில் இடம்பெற்றார்கள். பட்டியல் வெளியான பிறகே ஊரில் பாதிப் பேருக்கு அவர்கள் நம்மவர்கள் என்று தெரியும். டி.என்.பி.எல். கிரிக்கெட் தொடரில் நம் ஊர்ப் பெயரில் ஆடும் அணி ரூபி திருச்சி வாரியர்ஸ், பால்சி, கிராண்ட் சோழாஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டே இருக்கிறது, ஆடுவதெல்லாம் வெளியூரில். அதற்கும் இங்கே ரசிகர்கள் உண்டு, கைப்பேசி வழியாக. அந்தத் தொடரின் திடல்களில் நத்தமும் கோவையும் கல்லூரி மைதானங்கள் என்பது நம் நிர்வாகிகளுக்குத் தெரியுமோ என்னவோ.

கல்லூரியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தை மாணவர்கள் கையில் கொடுங்கள். ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே நாளும் நேரமும் தமிழில் வரட்டும். செட்டர் எந்த ஊர், எந்தத் துறை, முட்டியில் ஏன் கட்டு என்று அவளே முப்பது விநாடி பேசட்டும். தோற்ற ஆட்டத்தையும் போடுங்கள். தோற்ற அணியைத் திட்டவாவது நாலு பேர் வருவார்கள். மூன்றே ஆண்டில் அண்ணா விளையாட்டரங்கில் கல்லூரி வாலிபால் இறுதி ஆட்டத்துக்கு இருபது ரூபாய் டிக்கெட் போட்டு விற்றுத் தீர்க்கலாம். அன்று ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்காக ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் கூடுதல் நடை கேட்டுப் போக்குவரத்துக் கழகத்திடம் மனு கொடுக்க வேண்டியிருக்கும்.