வீட்டு வண்டியா, கடை வண்டியா?



நம் மாவட்டத்துப் பலசரக்கு வியாபாரிகள் பலருடைய குடும்ப வண்டி மாருதி ஆம்னியாகத்தான் இருந்தது. 1984-ல் வந்த அவ்வண்டியின் தயாரிப்பு 2019-ல் நின்றுவிட்டது. 2010-ல் வந்த ஈகோ இன்று அதன் இடத்தைப் பிடித்திருக்கிறது.

ஆம்னியில் நமக்குப் பிடித்தது தள்ளுக் கதவு. கோட்டாறு கம்போளத்து நெரிசலிலும் யார் மேலும் இடிக்காமல் திறக்கலாம். பின் இருக்கையைக் கழற்றினால் அரிசி மூடை. ஞாயிறன்று மாட்டினால் குடும்பத்தோடு கன்னியாகுமரி! பிடிக்காதது, முன் இருக்கைக்கு அடியில் இருக்கும் என்ஜினின் சூடு. முன்பக்கம் மூக்கில்லாததால் மோதினால் முதல் அடி ஓட்டுபவரின் முழங்காலுக்கே.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் குறைகள். தெரியாத குறை ஒன்று பாலிசித் தாளில் இருக்கிறது. சொந்த உபயோகக் காருக்கான இன்சூரன்ஸ், மாதிரிச் சரக்கும் சொந்த லக்கேஜும் தவிர வேறு சரக்கு ஏற்றுவதற்குப் பொருந்தாது. மூடையோடு போகையில் விபத்து நேர்ந்தால் இழப்பீட்டை மறுக்க அது ஒன்றே போதும்.

ஒரே வண்டியில் இரண்டு வேலை பார்ப்பது சிக்கனம்தான். ஆனால் ஒரு விபத்து கடையின் கைமுதலையே விழுங்கினால் அது சிக்கனமா? தினமும் சரக்கு எடுப்பவர்கள் சரக்கு வண்டியாகப் பதிவான வண்டியையே வைத்துக்கொள்ளட்டும். ஈகோவிலேயே கார்கோ வகை உண்டு. எப்போதாவது எடுப்பவர்களுக்கு வாடகை வண்டி போதும்.

இன்றிரவு கடை அடைத்ததும் பாலிசியை எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.