செவிலிக்கு எம்மொழி?

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை விரிந்து கிடக்கும் தொழிற்பேட்டைகளில், பன்னாட்டு முதலாளியரின் பொறிகள் இரவு பகலாக இயங்குகின்றன. அவற்றை இயக்குவோருள் ஆயிரக்கணக்கானோர் சிற்றூர்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்குவதற்கான விடுதி 2024இல் திறக்கப்பட்டது என்பதொன்றே அவர்தம் தொகைக்குச் சான்று.

அவர்களுள் ஒருத்தி, பன்னிரண்டாம் வகுப்பைத் தமிழில் பயின்று தேறியவள், செவிலியம் கற்க விழைகிறாள் என்று கொள்க. இரவுப்பணி முடித்து, கண் எரிய எரிய அவள் உயிரியல் நூலைப் பிரிக்கிறாள். அவளுக்கு இந்நாடு திறந்து வைத்திருக்கும் வாயில் எத்தகையது?

தமிழ்நாட்டரசு நடத்தும் செவிலியப் பட்டப்படிப்புச் சேர்க்கை, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணின் வழியே நடைபெற்று வருகிறது. 1984இல் இங்குப் புகுத்தப்பட்ட தொழிற்கல்வி நுழைவுத்தேர்வை, 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. அதனால் அப்பெண் தமிழில் எழுதி ஈட்டிய மதிப்பெண்ணுக்கு இன்றும் மதிப்புண்டு.

ஆனால் தில்லியின் எண்ணம் வேறு. இந்தியச் செவிலியர் மன்றம் 2021இல் வெளியிட்ட நெறிமுறைகள் நுழைவுத்தேர்வொன்றை வகுத்துரைக்கின்றன. இயற்பியல், வேதியியல், உயிரியல், செவிலியத் தகைமை, ஆங்கிலம் என்னும் ஐந்திற்கும் தனித்தனியே 20 மதிப்பெண். நூற்றில் ஐந்திலொரு பங்கு ஆங்கிலத்திற்கு! தாய்மொழிக்கோ ஒன்றுமில்லை. 2023இல் நடுவணரசு இயற்றிய செவிலிய ஆணையச் சட்டமோ, நாடு முழுமைக்கும் ஒரேவகைச் சேர்க்கை நடைமுறையை வகுக்கும் அதிகாரத்தை ஆணையத்திற்கு வழங்குகிறது. ஓநாயின் காலடி வாயிலருகே தெரிகையில், ஆட்டுக்கிடை உறங்கலாமோ?

'வினாத்தாளைத் தமிழிலும் தருவார்களே' என்று சிலர் ஆறுதல் கூறக்கூடும். அவ்வாறு தரப்பட்ட தமிழின் சீரை 2018ஆம் ஆண்டு 'நீட்' தேர்வில் உலகம் கண்டது. 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு எழுந்தது. வினாவுக்கு 4 என 196 மதிப்பெண் வழங்குமாறு மதுரை உயர் நயன்மன்றக் கிளை ஆணையிட்டது. அவ்வாண்டிலேயே உச்ச நயன்மன்றம் அவ்வாணையை நீக்கிற்று. பிழை செய்தவர் வேறு. அதன் சுமையைத் தாங்கியவர் தமிழில் எழுதிய பிள்ளைகள்!

செவிலிக்கு முதற்கருவி ஊசியன்று, மொழியே. 'நெஞ்சு கரிக்கிறது' என்பது ஒன்று. 'நெஞ்சை அடைக்கிறது' என்பது முற்றிலும் வேறொன்று. குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல், மரமரப்பு என நோவுக்கு இத்தனை சொற்களை வழங்கும் மக்களின் படுக்கையருகே நிற்பவள், இவற்றின் வேறுபாட்டை உணர்ந்தாலன்றி நோயறிய இயலாது. அவ்வுணர்வை எந்த ஆங்கிலத் தேர்வு அளந்து காட்டும்?

பிறநாட்டார் இதனை நன்கறிவர். 2008 முதல் இந்தோனேசியாவிலிருந்தும், 2009 முதல் பிலிப்பைன்சிலிருந்தும் செவிலியரை வரவழைத்த சப்பான், அவர்களையும் தன் மொழியிலேயே தேர்வெழுதச் செய்தது. செருமனியில் செவிலியப் பணிக்குச் செல்லும் தமிழ்ப்பெண் செருமன் மொழியில் தேற வேண்டும். அயலாரிடம் அந்நாடுகள் தம் மொழியைக் கேட்கின்றன. தமிழ்நாடோ தன் மகளிடம் ஆங்கிலத்தைக் கேட்கிறது!

தமிழில் இது முடியுமா என்று வினவுவோர், யாழ்ப்பாணத்து வரலாற்றைப் புரட்டிப் பார்க்கட்டும். 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மகப்பேற்று மருத்துவமும் உடற்கூற்றியலும் தமிழ் நூல்களாயின. அயலான் ஒருவனால் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே முடிந்தது, அரசும் பல்கலைக்கழகமும் கைக்கொண்ட தமிழர்க்கு இன்று முடியாதா?

அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த்தாளில் தேறியாக வேண்டும் என 2021இல் ஆணையிட்ட தமிழ்நாட்டரசு, அந்நெறியைக் கல்வி வாயிலுக்கும் நீட்டுதல் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் வழிச் சேர்க்கையை விட்டுக்கொடுத்தலாகாது. செவிலியப் பட்டப்படிப்பின் பயிற்றுமொழியாகத் தமிழை ஆக்குதல் வேண்டும்.

அதுவரை தமிழன்பர் கைகட்டி நிற்றல் வேண்டா. தொழிற்பேட்டை விடுதிகளையொட்டிக் கிழமைக்கு ஒரு நாளேனும் தமிழறிந்த அறிவியலாசிரியர் சென்று பாடம் சொல்லட்டும். பள்ளி அறிவியல் நூல்களைத் திரட்டித் தரட்டும். தமிழ்க் கலைச்சொல்லோடு அதன் ஆங்கிலச் சொல்லையும் விளக்கட்டும். இருப்பது ஆங்கில வாயிலாயினும் அதனுள் புகுந்தேனும் அப்பெண் வெல்லட்டும். வென்றபின் அவ்வாயிலையே மாற்றட்டும்.

அகப்பொருள் மரபு தலைவியை வளர்த்தவளுக்குச் செவிலி என்று பெயரிட்டது. அப்பெயரைத் தாங்கப் போகிறவளைத் தமிழே வளர்த்தல் வேண்டும்.