தாலி இருக்கு, பதிவு இல்லை: பிரிந்தால் பிள்ளை யாரிடம்?

மேருவில் ஒரு கோயில் கல்யாணம்னு வச்சுக்கோங்க. தாலி கட்டியாச்சு, கிள்ளான் மண்டபத்தில் விருந்தும் முடிஞ்சது. திருமணப் பதிவு மட்டும் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று நின்றுவிட்டது. மூன்று வருடம் கழித்து இருவரும் பிரிகிறார்கள். இரண்டு வயதுக் குழந்தை யாரிடம் வளரும்?

ஊரைப் பொறுத்தவரை அவங்க கணவன், மனைவி. சட்டத்தைப் பொறுத்தவரை கல்யாணமே ஆகாதவங்க.

காரணம், முஸ்லிம் அல்லாதோருக்கான 1976 திருமண, மணவிலக்குச் சட்டம். 1982 மார்ச் 1-இல் அது நடப்புக்கு வந்தது. அதற்கு முன் சடங்குப்படி நடந்த கல்யாணங்களைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. உங்க தாத்தா பாட்டிக்குப் பிரச்சினை இல்லை, உங்களுக்குத்தான். "கோயில்ல கையெழுத்து போட்டோமே" என்று சொல்பவர்கள் ஒன்றைப் பார்க்கணும்: கையிலிருப்பது கோயில் கொடுத்த கடிதமா, தேசிய பதிவிலாகாவின் திருமணச் சான்றிதழா? துணைப் பதிவதிகாரியாக நியமிக்கப்பட்டவர் நடத்தி, பதிவும் செய்திருந்தால்தான் கோயில் கல்யாணம் செல்லும்.

பதிவில்லாத உறவில் பிறந்த குழந்தைக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் 'அனாக் தக் சா தாராஃப்'. குழந்தை செய்யாத தப்புக்கு இப்படியொரு பெயர்! அந்தக் குழந்தையின் பராமரிப்பு உரிமை முதலில் தாய்க்கே. 1999-இல் திருத்தப்பட்ட பிறகு, பாதுகாவலர் சட்டம் தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை தருகிறது. ஆனால் 'டி எதிர் ஓ' என்று சட்ட ஏடுகளில் பதிவான வழக்கில், அந்தச் சட்டம் திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்குப் பொருந்தாது என்றது உயர்நீதிமன்றம்.

பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் இருக்கே? தாயும் அவரும் சேர்ந்து கேட்டால், 1957 பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. பெயர் ஏறுவதால் மட்டும் பராமரிப்பு உரிமை வந்துவிடாது. செலவு கொடுக்கும் கடமையோ பெயர் இல்லாவிட்டாலும் போகாது: 1950 சட்டத்தின்படி, தந்தை என்று நிரூபணமானால் ஜீவனாம்சம் கேட்கலாம். உரிமை மெலிசு, கடமை முழுசு. குழந்தையோடு பாசமா இருக்கிற அப்பாவுக்கு இது கசக்கும்தான்.

அவருக்குக் கதவு முழுசா மூடல. பாதுகாவலரை நியமிக்கும் அதிகாரம் உயர்நீதிமன்றத்துக்கு உண்டு. குழந்தையின் நலன்தான் அங்கே முதல் கேள்வி. ஆனால் வழக்கறிஞர் வேணும், காசும் காலமும் வேணும்.

சேர்ந்து வாழ்பவர்களுக்கு வழி எளிது: இப்போதே பதிவு செய்வது. 1961 சட்டப்பூர்வத் தகுதிச் சட்டத்தின்படி, பெற்றோர் பின்னர் முறையாக மணந்தால், அந்தத் தேதியிலிருந்து குழந்தையும் சட்டப்பூர்வ பிள்ளை ஆகலாம்.

தாய் வெளிநாட்டவர் என்றால் தள்ளிப்போடவே வேண்டாம். திருமணத்துக்கு வெளியே பிறந்தால், குடியுரிமைக்கு அரசியலமைப்பு பார்ப்பது தந்தையை அல்ல, தாயை. மலேசியத் தந்தைக்கும் பிலிப்பினோ தாய்க்கும் பிலிப்பைன்ஸில் பிறந்த ஒரு குழந்தையின் பெற்றோர் பிறகு மணந்துகொண்டார்கள். அப்படியும் 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் 4-3 என்ற பெரும்பான்மையில் குடியுரிமையை மறுத்தது. பிறந்த நாளில் பெற்றோர் திருமணமானவர்களாக இல்லை என்பதுதான் காரணம்.