சின்ன கிளாஸ் டீச்சருக்கு அல்ஜீப்ரா எதுக்கு?

தி.நகர் நகைக்கடைகள் புது வருஷத்துக்கு இலவசமாகத் தரும் மாதக் காலண்டர் மயிலாப்பூரில் பல வீட்டுச் சுவர்களில் தொங்கும். அதில் சதுரமாக நான்கு தேதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே 8, 9. கீழே 15, 16. ஒரு குறுக்கில் பெருக்கினால் 8×16=128. இன்னொரு குறுக்கில் 9×15=135. வித்தியாசம் 7. வேறு எந்த நான்கை எடுத்தாலும் இதே 7 தான். பெருக்கல் தெரிந்த நாலாம் வகுப்புக் குழந்தை இரண்டு மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்கும்: "ஏன் மிஸ் எப்பவும் 7 வருது?"

பதில் சொல்ல அல்ஜீப்ரா வேண்டும். முதல் தேதி 'க' என்றால் (எக்ஸ்தான் வேண்டும் என்று சட்டமா என்ன?) மற்றவை க+1, க+7, க+8. பெருக்கிப் பார்த்தால் க வர்க்கமும் 8க-வும் இரண்டு பக்கமும் வரும். ஒரு பக்கம் மட்டும் 7 மிச்சம். இதை அப்படியே குழந்தையிடம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இது தெரியாத டீச்சர் "அது அப்படித்தான், உட்காரு" என்பார். குழந்தையும் உட்கார்ந்துவிடும், கணக்கில் நிரந்தரமாக.

தமிழ்நாட்டில் ப்ளஸ் டூவில் எந்த க்ரூப் எடுத்தவரும் இரண்டு வருட தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயப் படிப்பில் சேரலாம். காமர்ஸ் க்ரூப்பிலிருந்து வருபவர் பத்தாவதோடு அல்ஜீப்ராவை மூட்டை கட்டியவராக இருக்கலாம். அப்புறம் டெட் தேர்வு. முதல் தாளில் 150க்கு 30 மார்க் கணக்கு. கணக்குக்கென்று தனி பாஸ் மார்க் கிடையாது, மொத்தம் வந்தால் போதும்.

அஞ்சாவது வரை கூட்டல் கழித்தல்தானே என்பார்கள். லிபிங் மா 1999இல் வெளியிட்ட புத்தகத்தில் அமெரிக்க, சீனத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம் ஒன்றே முக்காலை அரையால் வகுக்கச் சொன்ன கதை வருகிறது. விடை மூன்றரை. அமெரிக்கர்களில் பாதிப் பேர்கூடச் சரியாக முடிக்கவில்லை. சீனர்கள் 72 பேரும் முடித்தார்கள். இத்தனைக்கும் சீனர்கள் ஒன்பதாவது முடித்து இரண்டு மூன்று வருடம் பயிற்சி பெற்றவர்கள், அமெரிக்கர்கள் டிகிரி படித்தவர்கள். ஆக, எத்தனை வருடம் படித்தார்கள் என்பது பிரச்னை இல்லை.

அதற்காகப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தை மறுபடி கையில் கொடுத்து காரணிப்படுத்தச் சொன்னால், இருக்கிற பயம்தான் இன்னும் கூடும். சென்னையிலேயே வேறு வழி காட்டியவர் ஒருவர் இருந்தார். முத்தியால்பேட்டை பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த பி.கே. சீனிவாசன். 1993இல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகத்தை ஆரம்பித்தவர். எண்களை வைத்து விளையாட விடுவது, அதில் இருக்கும் ஒழுங்கைப் பிள்ளைகளே பிடிப்பது, எழுத்தெல்லாம் அப்புறம். இந்த ரூட்டில் டீச்சர்களையும் அழைத்துப் போகலாமே?

அடையாறில் வசதியான வீட்டுப் பையனுக்கு டீச்சர் விட்டதைப் பிடிக்க டியூஷன் மாஸ்டர் இருக்கிறார். அதே ஏரியாவில் மாநகராட்சிப் பள்ளிக்குப் போகும் பல பிள்ளைகளுக்குக் கேட்க அந்த ஒரு டீச்சர்தான். சார்ட் ஒட்டவும் மாடல் செய்யவும் போகும் நேரத்தில், பயிற்சி மாணவிகள் வாரம் ஒரு மணி நேரம் காலண்டரோடு உட்காரலாம். மூன்றுக்கு மூன்று சதுரம் எடுத்து மூலைகளைக் குறுக்காகப் பெருக்கினால் வித்தியாசம் 28 வரும். ஏன் 28 என்று பட்டயத் தேர்வில் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கட்டும்.