கோட்டோரம் நிற்கும் தகுதி

2023 நவம்பரில் யூனியன் பெர்லின், தன் இளையோர் அணியின் துணைப் பயிற்சியாளர் மரி-லூயிஸ் எட்டாவை மூத்த ஆண்கள் அணிக்கு உயர்த்தியது. பூண்டஸ்லீகாவில் அப்பொறுப்பேற்ற முதல் பெண் அவர். 2010இல் டர்பைன் போட்ஸ்டாமுடன் சாம்பியன்ஸ் லீக் வென்றவர். இருந்தும் சந்தேகம். அதே இளையோர் அணியிலிருந்து அவரோடு உயர்ந்த மார்கோ குரோட்டேயிடம், உடைமாற்றும் அறையில் ஆண்களைச் சமாளிப்பாயா என்று எவரும் கேட்டதாக நான் அறியேன்.

பெண்கள் உணர்ச்சிவசப்படுவார்களாம். 2024 ஜனவரியில் எதிரணி வீரரின் முகத்தில் கைவைத்துத் தள்ளித் தடைபெற்றவர் தலைமைப் பயிற்சியாளர் நேனாத் பியெலிட்சா. ஆண்தான். அடுத்த ஆட்டத்தில் எட்டாவும் சக துணைப் பயிற்சியாளரும் அணியை வழிநடத்தினார்கள். யூனியன் 1-0 என வென்றது.

ரசிகர்களே, ‘முதல் பெண்’ என்று கைதட்டிவிட்டு எழுந்துபோகாதீர்கள். இரண்டாமவள் எங்கே என்று உங்கள் அணியைக் கேளுங்கள்.