வீட்டுக்குள் சூரியகாந்தித் தளிர்: விதை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை

சூரியகாந்தி என்றவுடன் எண்ணெய் வித்து என்னும் எண்ணமே நம் விவசாயிகளுக்கு உண்டாகிறது. 1969-ஆம் வருஷத்தில் சோவியத் ருஷ்யாவின் ரகங்கள் வந்து எண்ணெய்ப் பயிராகப் பரவிய காலந்தொட்டு அவ்வெண்ணமே நிலைத்துவிட்டது. அவ்விதையையே ஒரு தட்டில் அடர்த்தியாக முளைக்கவைத்து, வித்திலைகள் இரண்டும் விரிந்த பருவத்தில் அறுத்துக் கீரையாக உண்ணலாம் என்பது இப்பொழுது கிராமங்களிலும் தெரியவந்திருக்கிறது. இவ்வழக்கத்தை நான் வரவேற்கிறேன். ஆயினும் ஒரு நிபந்தனையின் பேரிலேயே வரவேற்கிறேன்.

நிலமுள்ளவனுக்கு வீட்டுக்குள் கீரை வளர்ப்பானேன் என்று சிலர் கேட்கக்கூடும். சித்திரையில் கிணறு வற்றிக் கொல்லைப்பாத்தி காய்ந்துவிடுகிறது; ஐப்பசி அடைமழையில் கீரை அழுகிவிடுகிறது. அக்காலங்களில் நாளொன்றுக்கு ஒரு செம்புத் தண்ணீரைக்கொண்டு, ஜன்னலோரத்தில், பத்துப் பன்னிரண்டு தினங்களில் பசுமையான கறி கிடைப்பது அற்ப விஷயமன்று. முருங்கைக்கும் அரைக்கீரைக்கும் இது பதிலாகாது. அவை இல்லாத நாட்களில் கைகொடுக்கும் என்பதே என் கருத்து.

செய்முறை எளியது. தோலுடன் கூடிய விதையைப் பொறுக்கிக் கழுவி, இராத்திரி முழுவதும் ஊறவைத்து வடிகட்டவேண்டும். அடியில் துளையிட்ட தட்டில், இரண்டு அங்குல உயரம் சுத்தமான மண்ணையோ கழுவிப் பதப்படுத்திய தென்னை நார்க்கழிவையோ பரப்பி, விதையை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நெருக்கமாகத் தூவி, மேலே மற்றொரு தட்டைக் கவிழ்த்துச் சிறிது பாரம் வைக்கவேண்டும். மூன்று நான்கு தினங்களில் முளைகள் தட்டைத் தூக்கும். அப்பொழுது வெளிச்சத்துக்குக் கொண்டுவரலாம். காற்றோட்டமில்லாமலும் தண்ணீர் மிகுந்தும் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும்; பிடித்த தட்டைக் குப்பையில் சேர்க்கவேண்டுமேயன்றி, நல்ல பாகத்தைப் பிரித்து உண்ணலாகாது. மூன்றாவது இலை தோன்றுமுன் மண்ணுக்குமேல் அறுத்துவிடவேண்டும். தாமதித்தால் சுணையும் கசப்பும் ஏறும். ஒருமுறை அறுத்தது மறுபடி தழையாது.

நிற்க. சில மாதங்களுக்கு முன் நான் சுற்றுப்பிரயாணம் சென்ற ஒரு கிராமத்தில், ஒரு விவசாயியின் வீட்டில் இத்தகைய தட்டு ஒன்றை மிக்க பெருமையுடன் காட்டினார்கள். தளிர் செழிப்பாகவே இருந்தது. ஆனால் கழன்று கிடந்த தோல்களில் சிவப்புச் சாயம் தெரிந்தது. விசாரித்ததில், விதைப்புக்கு வாங்கிய வீரிய ஒட்டு விதையில் மிஞ்சியது என்றும், சாயம் போகும்வரை மூன்று தண்ணீரில் கழுவியதாகவும் வீட்டு அம்மாள் கூறினார். குழந்தைகளுக்கென்று வளர்த்தது அது. அன்றே அதைக் குழிதோண்டிப் புதைக்கச் செய்தேன்.

கழுவினால் போகும் என்னும் இந்நம்பிக்கை புதியதன்று. 1971-ஆம் வருஷக் கடைசியில் இராக் தேசத்தில், பாதரச மருந்து கலந்த விதைக் கோதுமையும் பார்லியும் குடியானவர்களுக்கு வழங்கப்பட்டன. பல இடங்களில் விதைப்புக் காலம் கடந்த பின்னரே அவை வந்து சேர்ந்தன. மூட்டைகளின் மேலிருந்த எச்சரிக்கை அவர்கள் அறியாத அந்நிய பாஷைகளில் இருந்தது. சிவப்புச் சாயம் தண்ணீரில் கரைந்தது, நஞ்சு கரையவில்லை. அதை ரொட்டி சுட்டு உண்டவர்களுக்குத் தீங்கு உடனே தெரியாமல் சில வாரங்கள் கழித்தே வெளிப்பட்டது. ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் ஆறாயிரத்துக்கு மேல். அங்கே மாண்டவர்கள் நானூற்றைம்பதுக்கு மேல்.

நம் சூரியகாந்தி விதையில் கலப்பது அந்தப் பாதரச மருந்தன்று. தைரம், மெட்டலாக்சில், இமிடாகுளோபிரிட் போன்றவையே வழக்கம். ஆயினும் இவற்றுள் பின்னிரண்டும் விதையின் மேல் நில்லாமல் முளைக்குள்ளும் தளிருக்குள்ளும் ஊடுருவிச் செல்பவை. பூச்சியினின்றும் நோயினின்றும் நாற்றைக் காக்கும் அக்குணமே, நாற்றை உண்பவனுக்குப் பகையாகிறது. மருந்திட்ட விதையை உணவுக்கோ தீவனத்துக்கோ எண்ணெய்க்கோ உபயோகிக்கலாகாதென்று பையின்மேல் அச்சிடவேண்டும் என்று 1968-ஆம் வருஷத்து விதை விதிகள் கூறுகின்றன. அதைப் படிப்பவர் எத்தனை பேர்? பையைக் கிழித்தபின் மீந்த விதையைச் சமையலறை டப்பாவில் கொட்டிவைக்கும் வீடுகளில் அவ்வெழுத்தால் பிரயோஜனம் என்ன?

ஆகவே தளிர்க்கீரைக்கு விதை கடையில் வாங்கிய விதைப்பையிலிருந்து வரலாகாது. சொந்தக் களத்திலிருந்தே வரவேண்டும். வீரிய ஒட்டுப் பயிரில் விளைந்த விதை மறு விதைப்புக்கு ஏற்றதன்று. கீரைக்கு அக்குறை ஒரு குறையன்று. கடைசிக் காலத்தில் மருந்து தெளிக்காத வரிசையில் நன்கு முற்றிய பூக்களைத் தனியே அறுத்துத் தட்டி, உலர்த்தி, நான்கைந்து படி எடுத்து வைத்தால் ஒரு வருஷத்துக்குப் போதும். புதிதாக அறுத்த விதைக்கு உறக்கம் உண்டாதலால் ஒன்றரை மாதம் கழித்தே ஊறவைக்கவேண்டும். அவ்விதையில் பூச்சிமருந்து கலவாமல், காய்ந்த வேப்பிலையிட்டு மூடிவைப்பது நலம்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விதை விநியோகிக்கும் தினத்தில், பைக்கணக்கை எழுதுவதோடு நில்லாமல், மிஞ்சியதைத் திருப்பவோ புதைக்கவோ வேண்டும் என்பதை வாயால் சொல்லுங்கள். பெண்மக்கள் காதிலும் விழும்படி சொல்லுங்கள். அடுக்களைக்கு எது செல்லும் என்று தீர்மானிப்பவர்கள் அவர்களே.